ரதமும் நாயும்

நெல்லித்தோப்பில் என் வீட்டுக்கு அடிக்கடி வருகிற இளைஞர் ஒருவர், சென்ற வாரம் ஒரு கட்டுப் புத்தகங்களை மேஜைமேல் வைத்தார். “படிச்சுட்டுச் சொல்லுங்க சார். ஆனா, இதெல்லாம் இலக்கியமான்னு மட்டும் கேட்டுடாதீங்க” என்றார். எல்லாம் விஞ்ஞான நாவல்கள், மாயாலோக நாவல்கள். கேட்கத்தான் வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டு படித்தேன்.

இந்த ஜாதி எழுத்து மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று ஓர் அபிப்பிராயம் உண்டு. பாரதி புதுவையில் வாழ்ந்த 1908 முதல் 1918 வரையான காலத்தில்தான், 1910இல், ‘ஞானரதம்’ புத்தகமாக வந்தது. திருவல்லிக்கேணி வீட்டு மெத்தையில் படுத்திருப்பவன் ரதமேறி உலகம் உலகமாகச் சுற்றுகிறான். உபசாந்தி லோகத்தில் கவலையே இல்லை. ஆனால் மனம் அங்கே நுழைந்தால் மடிந்துபோகும். அந்த வாசலில் வருகிற தயக்கம் இருக்கிறதே, அதுதான் கதை. ரதம் வெறும் வாகனம்.

பிரெஞ்சுக்காரர் ஜூல் வேர்னையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடலடியில் கப்பலோட்டும் நெமோவுக்கு முதல் நாவலில் ஊர் பேர் கிடையாது. 1875இல் முடிந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் அவன் புந்தேல்கண்டு இளவரசன், 1857 கலகத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவன் என்று தெரிகிறது. நீர்மூழ்கிக் கப்பல் இன்று யாருக்கும் அதிசயமில்லை. அவனுடைய புண் இன்னும் ஆறவில்லை. அதனால் நாவலும் சாகவில்லை.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைச் சிறுவயதில், ஆனந்த விகடன் தொடரைக் கிழித்துத் தைத்த பைண்டில் படித்தேன். 1980களில் எழுதியது, 2020களில் நடக்கிற கதை. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். நிலா குழந்தை பெறுவதற்கு அரசாங்கம் அனுமதி தரவேண்டும். அவர் சொன்ன ஆண்டும் வந்து போய்விட்டது. ஜீனோ என்ற யந்திர நாய் நம் தெருவுக்கு வரவில்லை. ஆனால் மனிதனைப் பன்னிரண்டு இலக்கத்தால் அறிகிற ஏற்பாடு 2010இலேயே வந்துவிட்டது. ஜோசியம் பலித்ததா என்பதல்ல விஷயம். ஓர் அரசாங்கம் நம் படுக்கையறை வரை வந்தால் எப்படி இருக்கும் என்ற பயத்தை அவர் தொட்டுவிட்டார். குறையும் உண்டு: நாய்க்கு இருக்கிற உயிரும் குறும்பும் அதைச் சுற்றியுள்ள மனிதர்களுக்கு இல்லை. வாராவாரம் ஒரு திருப்பம் வைத்தாக வேண்டிய தொடர்கதை வாங்கிக்கொண்ட கூலி அது.

பின்னால் வந்தவர்களில் ஜெயமோகன் ‘விசும்பு’ கதைகளில், விஞ்ஞானக் கேள்வியை நம் சித்த மருத்துவம், ரசவாதம் பக்கமிருந்தே எழுப்பினார். தமிழ்மகனின் ‘ஆபரேஷன் நோவா’ மனிதரை வேறு கோளுக்கே குடியேற்றியது. இரண்டுமே துணிச்சலான காரியங்கள். ஆனால் இளைஞர் கொண்டுவந்த கட்டில் பெரும்பாலானவை வேறு ரகம். கதாநாயகனுக்குச் சக்தி வருகிறது, வாள் வருகிறது, பறக்கும் குதிரை வருகிறது. எதற்கும் அவன் விலை கொடுப்பதில்லை. எதையும் இழக்காதவனோடு நான் எதற்காக முந்நூறு பக்கம் நடக்க வேண்டும்?

இதை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. நானும் ஒருமுறை விஞ்ஞானக் கதை எழுதினேன். யந்திரத்தை விவரிக்க மூன்று பக்கம். திருப்பி அனுப்பிய பத்திரிகாசிரியர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: கதையில் ஆள் யாருமில்லை என்று. ஒரு வாரம் கோபமாக இருந்தேன். பிறகு எடுத்துப் படித்தேன், உண்மையாகவே யாருமில்லை.

புத்தகக் கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். “இலக்கியமான்னு கேட்கலே தம்பி. இதிலே யாருக்கு என்ன நஷ்டம்னுதான் கேட்கிறேன்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கட்டிலிருந்து இரண்டை மட்டும் உருவி மறுபடியும் மேஜைமேல் வைத்தார். அவை இரண்டையும் இன்னொரு முறை படிக்கப் போகிறேன்.