ஜங்ஷனை நம்பிப் போடும் திட்டம்

விழுப்புரம் மாவட்டத்தைத் தரைவழியாகச் சுற்றிப்பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விழுப்புரத்தில் அறை எடுத்துவிடுகிறார்கள். காரணம் ஜங்ஷன். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரியும் ஊர்; அங்கே உட்கார்ந்துகொண்டால் எங்கும் போய்வரலாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு நியாயம் உண்டு, ஆனால் வேறு நிலத்தில். கஜகஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 27 லட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 2 கோடி. இந்தியர்கள் விசா இல்லாமல் ஒரு தடவைக்கு 14 நாள் தங்கலாம். அல்மாட்டியிலிருந்து அஸ்தானாவுக்கு 1,200 கிலோமீட்டருக்கும் மேல். ரயிலில் ஓர் இரவு போய்விடும். மேற்கே காஸ்பியன் கரையில் உள்ள அக்தாவு வரை போக ஆசைப்பட்டால் நாள்கணக்கில் ரயிலிலேயே கழியும். 14 நாளில் எத்தனை இரவைத் தண்டவாளத்துக்குக் கொடுப்பது என்பதுதான் அங்கே திட்டம். பெரிய ஊர்கள் பலவும் ரயிலை ஒட்டி வளர்ந்தவை என்பதால் ஜங்ஷனை வைத்துக் கணக்குப் போடுவது அங்கே சரி.

இங்கே கதை வேறு. 2019-இல் கள்ளக்குறிச்சி பிரிந்தபின் விழுப்புரம் மாவட்டத்தின் பரப்பு 4,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த ஐந்து தடங்களும் பார்க்க வேண்டிய இடங்களைத் தொடாமலே மாவட்டத்தைக் கடந்துவிடுகின்றன. செஞ்சிக்கு ரயில் இல்லை. மரக்காணம், மேல்சித்தாமூர், மண்டகப்பட்டு, பனமலை, திருவக்கரை எதற்கும் இல்லை. மயிலம் என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. முருகன் கோயிலுக்கு அங்கிருந்து மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். ஆக, ஊரை விட்டு வெளியே போக ஜங்ஷன் உதவும். உள்ளே சுற்ற உதவாது.

அப்படியானால் திண்டிவனமா? சாலைகளைப் பார்த்தால் அதற்குத்தான் வலு அதிகம். ஜி.எஸ்.டி. ரோடு, புதுச்சேரி ரோடு, செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் ரோடு, மரக்காணம் ரோடு எல்லாம் அங்கே கூடுகின்றன. பஸ்ஸுக்குக் குறைவில்லை (தென்மாவட்ட பஸ்ஸில் வருபவர்களைப் பைபாஸிலேயே இறக்கிவிடுவார்கள், அது தனிப் பாடு). ஆனால் திண்டிவனத்திலேயே தங்கினால் செஞ்சிக்கு ஒருநாள், செஞ்சியைத் தாண்டியிருக்கும் மண்டகப்பட்டுக்கு இன்னொரு நாள் என்று அதே ரோட்டில் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். விழுப்புரத்தில் தங்கினால் மரக்காணத்துக்கு இதே அலைச்சல். இரண்டு ஊர்களில் எது என்ற கேள்வியே கோணல் என்று இங்கேதான் தெரிகிறது.

இதே மண்ணில் சங்க காலத்திலேயே ஒரு பயணத் திட்டம் எழுதியிருக்கிறார்கள். மன்னன் நல்லியக்கோடனைப் பற்றிப் புலவர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, பாணனை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்கு அனுப்புகிறது. எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல் என்றும் அறிஞர்கள் சொல்வார்கள். வேலூர் என்றதும் கோட்டை வேலூர் என்று நினைத்துவிட வேண்டாம், அது உப்புவேலூர். கடற்கரையில் சுட்ட குழல்மீன், வயல் சூழ்ந்த ஆமூரில் நண்டோடு சோறு என வழியில் கிடைக்கும் சாப்பாடு வரை பாட்டில் இருக்கிறது. திட்டம் என்ற அளவில் அதன் சிறப்பு, புறப்பட்ட இடத்துக்குத் தினமும் திரும்பச் சொல்லவில்லை என்பது. முன்னே போய்க்கொண்டே இருக்கிறான் பாணன்.

அதையே நீட்டலாம். ஈ.சி.ஆர். பஸ்ஸில் மரக்காணத்தில் இறங்கி உப்பளமும் கழுவேலியும் பார்த்துவிட்டுத் திண்டிவனம். மறுநாள் செஞ்சி ரோட்டில் போய், வழியில் பிரிந்து தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் மேல்சித்தாமூர். மாலையில் செஞ்சி. இரவு அங்கேயே தங்க வேண்டும் என்பது என் முடிவு. லாட்ஜுகள் எளிமையானவைதான், விழுப்புரத்து வசதியை எதிர்பார்க்க முடியாது. இருந்தாலும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையை வெயில் ஏறுமுன் ஏறாதவர் பாதியில் உட்கார்ந்துவிடுவார். வெளியூரில் தூங்கி எழுந்து பஸ் பிடித்து வருபவருக்கு அந்தக் காலை கிடைக்காது. முகலாயப் படை இந்தக் கோட்டையைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை போராடியது. நாம் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் பார்த்துவிடத் திட்டம் போடுகிறோம். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபின் கூட்டமும் கூடத்தான் செய்யும். பக்கத்தில் திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் சிற்பங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சமணத் துறவி சந்திரநந்தியின் கல்வெட்டும் இருக்கின்றன. செஞ்சிக்கு வருபவர்களில் பலர் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

பிறகு விழுப்புரம் ரோட்டில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பல்லவன் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்ட குடைவரை. அளவில் சிறியது; படம் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். அங்கிருந்து விழுப்புரம், ரயில். ஜங்ஷனின் பயன் இந்தக் கடைசி இடத்தில்தான்.

தேதி குறிக்கும்போது காலண்டரில் நிலவைப் பாருங்கள். அமாவாசையன்று மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்துக்கும், பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் போகும் கூட்டத்தில் செஞ்சி பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. எந்தச் சுற்றுலாத் துண்டறிக்கையைவிடவும் இது முக்கியம்.

இந்தக் கோட்டில் அடங்காதவை இரண்டு. திருவக்கரையின் கல்மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டு பழையவை என்றாலும், அவற்றைப் புதுச்சேரிப் பயணத்தோடு சேர்ப்பதே லாபம். இங்கே நுழைத்தால் ஒரு நாள் உடையும். பனமலையை அப்படித் தள்ள மனம் வரவில்லை. ராஜசிம்மன் எடுத்த தாளகிரீஸ்வரர் கோயிலில், மகுடம் தரித்துக் குடைக்கீழ் நிற்கும் பார்வதியின் பல்லவ ஓவியம் பாதி அழிந்த நிலையிலும் அந்த அலைச்சலுக்குத் தகும். விழுப்புரத்தில் இரவு ரயிலுக்குப் பதிவு செய்தவருக்கு அதற்கு நேரமிருக்கும். பகல் ரயிலைப் பிடிக்க ஓடுபவர் அதைத்தான் விட வேண்டியிருக்கும்.