தாழாத கை

கி.பி. 1270இல் மறைந்த இப்னு அபீ உஸைபிஆ இயற்றிய ‘உயூனுல் அன்பா’ என்னும் மருத்துவர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் அரண்மனைப் பெண்ணொருத்தி உயர்த்திய கை மீண்டும் தாழவில்லை. தைலங்கள் பயன் தரவில்லை. ஜிப்ரீல் இப்னு புக்தீஷூ என்ற கிறிஸ்தவ மருத்துவர், பலர் முன்னிலையில் அவளை நோக்கி ஓடி, ஆடையின் விளிம்பை உயர்த்துவார்போல் குனிந்தார். நாணத்தால் பதறிய அவள் கையைத் தாழ்த்தி ஆடையைப் பற்றிக்கொண்டாள்.

இதைப் படிப்போர் மருத்துவரின் சாதுரியத்தை வியந்து, பெண்ணின் ‘நடிப்பை’ எண்ணிச் சிரிப்பர். என் வகுப்பிலும் அச்சிரிப்பு எழுவதுண்டு. அது நூலைப் பாதியில் நிறுத்தியதன் விளைவு. கலீஃபா காரணம் வினவியபோது, அவள் நடித்தாள் என்று ஜிப்ரீல் கூறவில்லை. நரம்புகளில் உறைந்த கழிவை, திடீரெனப் பரவிய உடல்வெப்பம் கரைத்தது என்றார். அவ்விளக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும் நோயாளியைப் பொய்யராக்காத நேர்மை அதில் உண்டு. அவர் முறையின் குறை, ஒரு பெண்ணின் மானத்தை மருந்தாக்கியதே.

அவளுக்கு நேர்ந்தது, இன்று ‘செயற்பாட்டு நரம்பியல் கோளாறு’ எனப்படுவதை ஒத்திருக்கிறது. நரம்பு சிதைவதில்லை, மூளை உறுப்பை இயக்கும் முறை பிறழ்கிறது. 1908இல் சார்லஸ் ஹூவர் விவரித்த சோதனை இதைக் காட்டும்: சொன்னால் குதிகாலை அழுத்த இயலாத கால், மற்றக் காலை உயர்த்த முயலும்போது தானாகவே அழுத்துகிறது. இதை நோயாளிக்கே காட்டி விளக்குவது சிகிச்சையின் முதற்படி. இயன்முறைப் பயிற்சியும், தேவைப்படின் உளவியல் சிகிச்சையும் தொடரும்.

நெமிலிச்சேரியில் நானறிந்த ஒரு பெண்ணின் கை இவ்வாறு செயலிழந்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் உறவினருள் சிலர் ‘பாசாங்கு’ என்றனர். சிலர் ‘ஜின்’ என்றனர். இரு தீர்ப்பும் அவரை மருத்துவத்திலிருந்து விலக்கின.

மனநோயாளிகள் விஷயத்தில் இவ்விலக்கல் எங்கு கொண்டு சேர்த்தது என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை அண்டியிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றிப் போயினர். 28 பேர் மாண்டனர்.

துஆ கேட்போம், சிகிச்சை தேடுவதும் நபிவழியே. ஜிப்ரீலின் கதையைச் சொல்லும் ஆசிரியர்கள், கலீஃபாவுக்கு அவர் அளித்த மறுமொழியையும் சேர்த்தே சொல்லல் வேண்டும்.