சுவரில்லா வீடு யாருக்கு?

கலையையும் இலக்கியத்தையும் சமுதாயப் பின்னணியில் வைத்து ஆராயும் நாம், வீட்டை அவ்வாறு நோக்குவது அரிது. யார் எவர் முன்னிலையில் எழுந்து நிற்றல் வேண்டும், யார் எங்கே அமர்ந்து உண்ணுதல் வேண்டும் என்பனவற்றை மனிதன் முதன்முதலிற் கற்பது வீட்டிலேதான். ஆதலின் வரவேற்பறை, உணவறை, சமையலறை என்ற பிரிவுகளை நீக்கி, யாவற்றையும் ஒரே வெளியாக்கும் திறந்த அமைப்பு வீட்டை வெறும் ரசனைப் பிரச்சினையாகக் கருதிவிட முடியாது. சுவர்கள் நீங்கினால் குடும்பத்தினர் நெருங்குவர், அடுக்களையில் அடைபட்ட பெண் விடுதலை பெறுவாள், ஏற்றத்தாழ்வு குறையும் என அதனை ஆதரிப்போர் கூறுவர். இக்கூற்று எத்துணை உண்மை என்பதைப் பரிசீலிப்போம்.

செக்கோஸ்லவாக்கியாவின் பிர்னோ நகரில், துணியாலை முதலாளிகளான துகென்ற்ஹாற் குடும்பத்தினருக்காக ஜேர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் றோ வகுத்த வீடு 1930இல் நிறைவெய்தியது. உருக்குத் தூண்கள் பாரத்தைத் தாங்கியமையால் உட்சுவர்கள் தேவையற்றுப் போயின. அமர்தலும் உண்ணலும் வாசித்தலும் ஒரே பெருவெளியில் அமைந்தன. ஓனிக்ஸ் கல்லாலான ஒரு சுவரும், கருங்காலி மரத்தாலான வளைந்த தடுப்பும், திரைச்சீலைகளுமே அவ்வெளியைப் பகுத்தன. பெரிய கண்ணாடி யன்னல்கள் மின்விசையால் நிலத்தினுள் இறங்கின. இத்தகைய வீட்டில் மனிதர் வாழ முடியுமா என்ற விவாதம் 1931இல் ஜேர்மன் சஞ்சிகையொன்றில் எழுந்தது; முடியும் என வீட்டுக்காரரே மறுமொழி எழுதினர். அவர்கள் கூறியது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் வரைபடத்தைக் கூர்ந்து நோக்குவோர், சமையலறையும் பணியாளர் அறைகளும் சுவர்களுக்கு அப்பால் ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்பர். குடும்பத்தினரின் படுக்கையறைகளும் மேற்றளத்திற் கதவுகளுடனேயே இருந்தன. எசமானருக்குத் திறந்த வெளியும் இருந்தது, மூடிக்கொள்ளக் கதவும் இருந்தது. அவர்தம் பணியாளருக்குக் கிடைத்தது சுவர் மட்டுமே.

இதே நிலையை இன்றைய கொழும்பின் வசதி படைத்த வீடுகளிலும் காணலாம். மண்டபத்தை நோக்கித் திறந்திருக்கும் பளபளப்பான பான்ரி விருந்தினரின் கண்ணுக்கு. மீன் கழுவவும் தேங்காய் திருவவும் பின்புறத்தில் வேறொரு குசினி. சுவர் சில அடி பின்னே நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

உழைப்பை ஏற்று மறைந்து நிற்க இன்னொருவர் இல்லாதவிடத்து என்ன நிகழும்? அதே கலைஞர் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் டொக்டர் ஈடித் பான்ஸ்வேர்த்துக்குக் கட்டிய வார இறுதிக் கண்ணாடி வீடு 1951இல் முடிவடைந்தது. குளியலறைகளைத் தவிர ஏனைய யாவும் ஒரே அறை. சமையற்பகுதி வரும் வழியிலிருந்தே தெரிவதாற் கழுவுதொட்டியின் கீழே குப்பைக் கூடையையும் வைக்க முடியவில்லை என்று அவ்வம்மையார் 1953இல் முறையிட்டார். அங்கே வீட்டுக்காக மனிதர் ஒழுங்குபடுத்தப்பட்டனர்.

இதனாற் பழைய வீடே சிறந்தது என்போருடனும் நாம் உடன்பட முடியாது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வானுக்குத் திறந்திருந்தது. மனிதர் யாவருக்கும் திறந்திருக்கவில்லை. திண்ணைவரை வரத்தக்கவர் யார், உள்ளே நுழையத்தக்கவர் யார், படலையடியில் நிற்க வேண்டியவர் யார் என்பதைச் சாதி வகுத்தது.

இனி, மலையகத்தை நோக்குவோம். வெள்ளைத் துரைமாரின் காலத்தில் எழுந்த லயங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பரா ஒன்றும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும். சமைத்தலும் உறங்குதலும், நோயும் மரணமும், பிள்ளைகளின் படிப்பும் அச்சிறு வெளியிலேயே நிகழ்ந்தன. இன்றும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு லயமே வீடு. இதுவும் ஒருவகைத் திறந்த அமைப்புத்தான்! ஆனால் எந்தக் கட்டடக்கலைச் சஞ்சிகையும் இதனைப் புதுமையெனப் போற்றுவதில்லை. செல்வர் சுவரை வேண்டாமென நீக்குகின்றனர். தொழிலாளிக்கு அது கொடுக்கப்படவேயில்லை. புதிதாக மணந்த தம்பதியரும் வயதுவந்த பெண்ணும் முதிய பாட்டனும் ஒரே கூரையின் கீழ் ஒரே தரையில் உறங்க நேர்கையில், தனிமை என்பது முதலாளித்துவ ஆடம்பரம் என நம்மவர் சிலர் பேசுவது கொடுமையாகும். கதவை மூடிக்கொண்டு படிக்க ஒரு மாணவிக்குள்ள உரிமை கூட்டுவாழ்வுக்குப் பகையானதன்று. தனித்திருக்க இடமுள்ளவளே பிறருடன் கூடுவதைத் தன் விருப்பாற் செய்கிறாள்.

அவ்வாறாயின் வழி யாது? பிராங்க்பேர்ட் நகரசபைக் குடியிருப்புகளுக்காக மார்கறெற்ற ஷூற்றே-லிஹோற்ஸ்கி 1926இல் வகுத்த சமையலறை ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்டது. அதற்கும் இருப்பறைக்கும் இடையே இழுத்து மூடும் கதவொன்றை அவர் அமைத்தார். புகையைத் தடுக்க மூடலாம். விளையாடும் குழந்தையைக் கவனிக்கத் திறக்கலாம். ஒருவரே நின்று வேலை செய்யத்தக்க அச்சிற்றறை பெண்ணைத் தனிமைப்படுத்தியது எனப் பிற்காலப் பெண்ணிலைவாதிகள் கண்டித்தமை நியாயமே. எனினும் அக்கதவு உழைப்பவளின் கைக்கு எட்டியதாய் இருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1950களிற் கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வகுத்த மினெற் டி சில்வா, அங்கு குடியேறவிருந்த அரசாங்க ஊழியரிடம் வினாக்கொத்து ஒன்றைக் கொடுத்து அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்த பின்னரே வீடுகளை அமைத்தார். அன்று எழுத்தறிந்த ஊழியருக்குக் கிடைத்த அவ்வாய்ப்பு தோட்டத் தொழிலாளிக்கும் கிடைத்தல் வேண்டும். சுவர் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை அங்கே சமைப்பவரும் உறங்குபவரும் படிப்பவருமே தீர்மானித்தல் முறை. மலையகத்தில் இனி எழவிருக்கும் வீடுகளின் வரைபடங்கள், அமைச்சர்களின் கையொப்பத்துக்குப் போகுமுன், கொழுந்து பறிக்கும் பெண்களின் முன் விரிக்கப்படுதல் வேண்டும்.