ஈஸ்வரியிடம் கேட்காமல் விட்ட பாதி

ஆடி பிறந்துவிட்டால் வாலாஜாபாத் பக்கம் எந்த ஊரில் கூழ் வார்க்கிறார்கள் என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. தென்னேரி ஏரிக்கரையில் நின்றால் போதும். எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அங்கே காப்புக் கட்டியாகிவிட்டது. மாரியம்மன் பாட்டு என்றாலே அவர் குரல்தான் என்று இரண்டு மூன்று தலைமுறைக்குக் காது பழகிவிட்டது. அதனாலேயே அந்தத் தொகுப்புகளை இசை என்று வைத்து யாரும் எடைபோடுவதில்லை. பக்தர்களுக்கு அது சாமி காரியம். சங்கீத விமர்சகர்களுக்கோ அது ரேடியோ செட்டுக்காரர் சமாச்சாரம்.

ஈஸ்வரி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா ஸ்டுடியோக்களில் கோரஸ் பாடினார், மகளும் கோரஸில்தான் தொடங்கினார். 1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி.மகாதேவன் வாய்ப்புக் கொடுத்தார். 1961-ல் வந்த 'பாசமலர்' பெயர் வாங்கித் தந்தது. அதன்பின் பதினைந்து வருடம் கிளப் டான்ஸ், குறும்பு, போதை, கேலி எதுவானாலும் எம்.எஸ்.விஸ்வநாதன் இவரைத்தான் தேடினார். 'சிவந்த மண்' படத்தின் 'பட்டத்து ராணி'யில் சாட்டைச் சத்தத்துக்கு நடுவே மூச்சையும் வலியையும் தாளம் தப்பாமல் வைத்த குரல் அது. 1976-ல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' வந்ததும் காற்று திசை மாறியது. நாயகியின் பாட்டையும் ஆட்டக்காரியின் பாட்டையும் எஸ்.ஜானகி ஒருவரே பாடத் தொடங்கினார். இளையராஜாவிடம் ஈஸ்வரிக்குக் கிடைத்தது மிகக் குறைவு. 1979-ல், டிஸ்கோ காலத்துக்கு எம்.எஸ்.வி. தந்த பதிலான 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் 'ஆனந்த தாண்டவமோ' அவருக்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அவருடைய சாம்ராஜ்யம் அம்மன் இசைத்தட்டுகளும், பின்னால் வந்த கேசட்டுகளும்தான்.

காபரே பாடியவர் கடைசியில் ஆத்தா காலில் விழுந்தார் என்று இதைச் சிலர் மனமாற்றக் கதையாகச் சொல்வதுண்டு. பாட்டைக் கேட்டால் அந்தக் கதை நிற்காது. 'செல்லாத்தா'வை எடுத்துக்கொள்ளுங்கள். வல்லின இரட்டிப்புகளை உடுக்கையில் விரல் விழுவதுபோல் தட்டுகிறார். சொல்லின் தலையைத் தாளத்துக்கு மயிரிழை முன்னால் வைத்துவிட்டு, வால் பகுதியை நிதானமாக இழுத்து, கோரஸ் வந்து சேரும்வரை பிடித்துக்கொள்கிறார். கிளப் பாட்டில் கேட்பவரை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவந்த அதே வித்தைதான் இங்கே கரகம் எடுத்தவரின் காலைத் தரையிலிருந்து கிளப்புகிறது. ஈஸ்வரி மாறவில்லை. ஆடுகிறவர் மாறினார், அவ்வளவுதான்.

ஈஸ்வரி அம்மன் பாட்டில் நிலைத்த அதே சமயத்தில், அமெரிக்காவில் ஃபங்க் இசையின் பிதாமகன் ஜேம்ஸ் பிரவுன் டிஸ்கோ மோஸ்தரோடு திண்டாடிக்கொண்டிருந்தார். 1979-ல் 'தி ஒரிஜினல் டிஸ்கோ மேன்' என்று ஓர் ஆல்பம் போட்டார். தன் இசையைத் தானே கட்டி மேய்த்த மனிதர், அந்த முறை தயாரிப்பை பிராட் ஷாபிரோ என்பவர் கையில் கொடுத்தார். டிஸ்கோவுக்கு நான்தான் மூலவன் என்று தலைப்பு மார்தட்டுகிறது. உள்ளேயோ அவர் தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவர்போல் இருக்கிறார். 'இட்ஸ் டூ ஃபங்கி இன் ஹியர்' என்ற ஒரு பாட்டில் மட்டும் பழைய உறுமல் திரும்புகிறது, ஓடியதும் அதுதான். மோஸ்தரைத் துரத்திய மூத்த கலைஞர் என்று ஈஸ்வரியைச் சொல்ல முடியாது. மோஸ்தர் மாற மாற, அது எட்டாத ஒரு களத்தில் அவர் கால் ஊன்றிக்கொண்டார். அந்த வகையில் பிரவுனைவிட ஈஸ்வரியின் கணக்கு கெட்டிக்காரத்தனமானது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் தொண்டை மண்டலத்தில் அம்மனை அழைப்பது பம்பைக்காரர்களின் வேலை. பம்பை, உடுக்கை, சிலம்போடு அவர்கள் பாடும் வர்ணிப்புக்குக் கால அளவு கிடையாது. பாடுகிறவர் கண் எதிரே நிற்பவரின் மேலேயே இருக்கும். உடம்பில் நடுக்கம் தெரிந்தால் அடி நெருங்கும், சாமி வர மறுத்தால் பாட்டு கெஞ்சும், அதட்டும், மறுபடி முதலிலிருந்து எடுக்கும். இசைத்தட்டில் இதற்கெல்லாம் இடமில்லை. சில நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டும். ஆகவே சூடு ஏறுகிற பாதையை வெட்டிவிட்டு, ஏறிய சூட்டிலேயே பாட்டு தொடங்குகிறது. அப்படியொரு உச்சத்தில் முதல் அடியைப் பிடித்து, கடைசி அடிவரை பிசிறாமல் நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை, ஈஸ்வரி அதைச் செய்துகாட்டினார். ஒரு பாட்டுக்கு அது பலம். ஒரு முழு கேசட்டும் அதே சூட்டில் ஓடும்போது ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நாலாவது பாட்டுக்கு வரும்போது காது மரத்துப்போகிறது.

பாட்டெழுதியவர்களும் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டார்கள். சமயபுரம், திருவேற்காடு, மாங்காடு என்று பேர்பெற்ற தலங்களை அடுக்கினால் சரணம் நிரம்பிவிடும், எல்லா ஊரிலும் விற்கும். ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கும் பொன்னியம்மனும் செல்லியம்மனும் அந்த ஜாபிதாவில் வருவது அபூர்வம். அவர்களுடைய கதை பம்பைக்காரர் வாயில்தான் இருந்தது. குழாய் ஸ்பீக்கர் முழங்குகிற இடத்தில், செட்டுக்காரர் கை காட்டும்வரை பம்பைக்காரர் ஓரமாக நிற்க வேண்டியிருக்கிறது. இதற்கு ஈஸ்வரியைக் குற்றம் சொல்ல முடியாது, விழாக் குழுக்களைச் சொல்லலாம். வர்ணிப்புக்கு ஒதுக்கும் நேரம் சுருங்கினால் அதைக் கற்றுக்கொள்ள எந்தப் பையன் வருவான்?

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது இன்னொன்று. 1972-ல் 'வெள்ளி விழா' படத்துக்காக வி.குமார் இசையில் ஈஸ்வரி 'காதோடுதான்' பாடினார். தொண்டையைத் திறக்காமலே பாடிய பாட்டு அது. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று பாடி, தமிழ்நாடு முழுவதையும் கேட்க வைத்தார். மாரியம்மன் வழிபாட்டிலும் அந்தக் குரலுக்கு ஓர் இடம் உண்டு. அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி, உள்ளே தாழ்ந்த குரலில் மாரியம்மன் தாலாட்டு படிப்பார்கள். கோபக்காரத் தெய்வத்தைத் தொட்டிலில் போட்டு ஆற்றுகிற பாட்டு. உக்கிரமும் தாலாட்டும் சேர்ந்தால்தான் மாரி வழிபாடு முழுமை. இரண்டையும் பாடக்கூடிய தொண்டை ஒரே ஆளிடம் இருந்தது. ஊர் செட்டுகளில் சுற்றும் தொகுப்புகளில் கேட்டுப் பாருங்கள், உக்கிரம்தான் கொட்டிக் கிடக்கிறது. மூத்த கலைஞரிடம் ஏற்கெனவே விற்றதையே திரும்பக் கேட்பது வியாபாரத்தின் வழக்கம். 2011-ல் 'ஒஸ்தி'யில் தமன் அவரை அழைத்ததும் பழைய குறும்புக்காகத்தான். எழுபது வயதைத் தாண்டியும் 'கலாசலா'வில் அது அப்படியே இருந்தது என்பது வேறு விஷயம்.

இப்போது செட்டுக்காரர் கையில் கேசட் இல்லை, பென்டிரைவ். அதில் ஈஸ்வரியின் பாட்டுகளுக்கு நடுவே, அவரைப் போலவே பாடும் யார் யாரோ கலந்திருக்கிறார்கள். சிந்தசைசர் உடுக்கை, கணினித் தாளம், அதே கூச்சல். முதல் இரண்டு அடியில் ஆள் யார் என்று சட்டென்று பிடிபடாது. மூன்றாவது அடிக்கு முன்னால் கோரஸுக்கு வழிவிட்டு ஈஸ்வரி அரை மாத்திரை சும்மா இருப்பார். மற்றவர்கள் அந்த இடத்தையும் கத்தி நிரப்பிவிடுகிறார்கள்.