அந்த 50 சதவீதம் எங்கே போய் இறங்கியது?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது இரண்டு தடவையாகக் கூடுதல் வரி போட்டது. 7ஆம் தேதி 25 சதவீதம். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக 27ஆம் தேதி இன்னொரு 25. அதிலிருந்து மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இதே பேச்சுதான். 'தொழிலாளி பாதிக்கப்படுவார்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த வழியாகப் பாதிக்கப்படுவார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

அந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்கத் துறைமுகத்தில் வரியைக் கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர், நம்ம ஆள் இல்லை. உதாரணத்துக்கு, 20 டாலருக்குப் போகும் ஒரு ஜோடி ஷூ என்றால், 2025 ஆகஸ்ட் கணக்குப்படி பழைய வரி போக இன்னும் 10 டாலர். அதை முழுசா விலையில் ஏற்றினால் சரக்கு நகராது. 'பாதி நீங்க ஏத்துக்கங்க' என்று ஆம்பூர் ஏற்றுமதியாளரிடம் கேட்பார். இல்லையென்றால் வியட்நாமுக்குப் போவார். 2025 ஆகஸ்டில் அங்கே கூடுதல் வரி 20 சதவீதமாகத்தான் இருந்தது. ஆக, முதலாளியின் பயம் பொய்யில்லை. அவர் தோல் கொடுக்கும் மேல்விஷாரம் டேனரியில் விலையைக் குறைக்கச் சொல்வார். டேனரிக்காரருக்குப் பச்சைத்தோல் விலையோ, கெமிக்கல் விலையோ, கழிவுநீர் சுத்திகரிப்புச் செலவோ அவ்வளவு சுலபமாகக் குறையாது. கை வைக்க மிச்சமிருப்பது கூலி.

கூலியிலும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உள்ளவர் மேல் முதலில் கை விழாது. ஆம்பூர் பக்கம் வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைக்கும் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்றுதான் காசு. ஆர்டர் குறைந்தால் அவர்களை வேலையை விட்டு நிறுத்தக்கூட வேண்டாம். ஏஜென்ட் அடுத்த மூட்டையைக் கொண்டுவர மாட்டார், அவ்வளவுதான். வேலையிழந்தவர் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள்.

அவர்களைவிடக் கீழே இருப்பவர் வெளி மாநிலத்திலிருந்து வந்தவர். அமெரிக்கா குடியேறிகளை நடத்தும் விதத்தைப் பார்த்து நமக்கெல்லாம் கோபம் வருகிறது, நியாயமான கோபம்தான். ஆனால் 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரிக்குள் சேறு பாய்ந்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். தொட்டி ஏன் இடிந்தது என்று நிறைய பேசினோம். அவர்கள் ஏன் அங்கே தூங்கினார்கள் என்று அந்த அளவுக்குப் பேசவில்லை. வெளி மாநிலத் தொழிலாளியை அழைத்து வரும் காண்ட்ராக்டர் தங்க இடம் தரவேண்டும் என்று 1979லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த வருஷங்களில் அமெரிக்கா நம்ம ஷூ மேல் 50 சதவீதம் வரி போடவில்லை. ஆர்டர் இருந்தது.

அதனால்தான் இப்போது கேட்கப்படும் நிவாரணம் எனக்கு அரைகுறையாகத் தெரிகிறது. 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஏற்றுமதியாளர்களுக்குக் கடன் தவணையைத் தள்ளிவைத்தது. மத்திய அரசு 20,000 கோடி ரூபாய் வரைக்கும் கடனுக்கு உத்தரவாதம் தரும் திட்டம் கொண்டுவந்தது. கம்பெனி மூழ்கினால் எல்லோருமே மூழ்குவார்கள், தரட்டும். ஆனால் சலுகை வாங்குகிறவர் பீஸ் ரேட்டைக் குறைக்கக்கூடாது, ஆட்களை ஷெட்டுக்குள் படுக்க வைக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட என்ன தடை? வீட்டில் தைப்பவர் பெயர் எங்கும் இல்லையே, எப்படிக் கண்காணிப்பது என்பார்கள். காலணி, தோல் பொருட்கள், டேனரித் தொழிலாளர்களுக்கென்றே தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் இருக்கிறது. சலுகைக்கு மனு போடும் ஒவ்வொரு கம்பெனியும், தனக்காக வீட்டில் தைப்பவர்களையும் காண்ட்ராக்டர் வழியாக வந்தவர்களையும் முதலில் அந்த வாரியத்தில் பதிவு செய்துவிட்டு வரட்டும்.