நடுக்கம் நீங்கிய பின்

ஏரியின் மீது காமிரா பறந்து வருகிறது. எதிரே ஒரு சிறு தீவு. அதைக் கடந்த பின் மலைச்சாலை. அதில் எறும்புபோல் ஊர்ந்து செல்லும் மஞ்சள் நிறக் கார். ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1980இல் வெளிவந்த ‘தி ஷைனிங்’ இப்படித்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவில், ஹெலிகாப்டரிலிருந்து இதைப் படமாக்கியவர் கிரெக் மக்கில்லிவ்ரே. ஓரிடத்தில் காமிரா காரை முந்திச் சென்று, சற்றே சாய்ந்து, பள்ளத்தாக்கின் பக்கம் விலகிப் போய்விடுகிறது. காருக்குள் இருப்பவரைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. பேய்ப் படத்தின் முதல் பயம் அங்கேயே பிறந்துவிடுகிறது.

அன்று ஹெலிகாப்டரும் தேர்ந்த விமானியும் தேவைப்பட்ட வேலையை இன்று கைக்கு அடக்கமான ட்ரோன் செய்கிறது. ஆனால், ஆவணப்படங்களிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் நாம் காணும் வான்காட்சிகளில் பெரும்பாலானவை ஏன் மனத்தில் தங்குவதில்லை? நடுக்கமே இல்லையே!

நடுக்கத்தைப் போக்குவது கிம்பல் என்னும் தாங்கி. மூன்று அச்சுகள், அச்சுக்கு ஒரு சிறு மோட்டார். காமிரா எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைக் கைரோ உணரிகள் அளந்துகொண்டே இருக்கும். மோட்டார்கள் உடனுக்குடன் அதற்கு எதிராகத் திருப்பும். சுழலிகளின் அதிர்வை ரப்பர்த் திண்டுகள் விழுங்கிவிடும். 100 மீட்டர் தொலைவிலுள்ள பொருளைப் பார்க்கையில் காமிரா ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு ஆடினாலே பார்வைக்கோடு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் விலகும். நல்ல கிம்பல் இதையும் பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. அருமையான பொறியியல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. நான்கு சுழலிகள் கொண்ட ட்ரோன் முன்னே பாய வேண்டுமானால் தன் உடலையே சாய்த்தாக வேண்டும். உயரம் மாறாமல், காற்றின் தடையையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 30 பாகைச் சாய்வுக்கு முடுக்கம் ஏறக்குறைய 5.7 மீ/வி². இந்தச் சாய்வைக் கிம்பல் முற்றாக மறைத்துவிடுகிறது. அடிவானம் மட்டப்பலகை வைத்தாற்போல் கிடக்க, காட்சி மட்டும் நகர்கிறது. காரணத்தை மறைத்து விளைவை மட்டும் காட்டினால், பறக்கிறோம் என்ற உணர்வு எங்கிருந்து வரும்?

மைக்கேல் பே இயக்கிய ‘ஆம்புலன்ஸ்’ (2022) இதற்கு நேர்மாறு. அதில் வரும் பந்தய வகை ட்ரோன்களில் கிம்பல் கிடையாது. காமிரா உடலோடு இறுகப் பிணைந்திருக்கும். ட்ரோன் சாய்ந்தால் அடிவானமும் சாயும். லாஸ் ஏஞ்சல்ஸ் மாடிக் கட்டடங்களின் சுவரையொட்டித் தலைகீழாக அது பாயும்போது நம் வயிறு ஒருகணம் கலங்குகிறது. முடுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது! ஆனால், டைரக்டருக்குப் பொறுமை இல்லை. பாய்ச்சல் முடியுமுன் வெட்டி, அடுத்த பாய்ச்சலுக்குத் தாவிவிடுகிறார். பத்தாவது முறை வயிறு கலங்குவதில்லை, கண்தான் வலிக்கிறது.

கிம்பல் உள்ள ட்ரோனில் நிதானம் முழுவதும் இயக்குபவரின் விரலில் இருக்கிறது. என் மாணவர் ஒருவர் தாம் எடுத்த படத்தைக் காட்டி, “கிம்பல் கெட்டுப் போச்சு சார், மாத்தணும்” என்றார். ஒரு மணிக்கூண்டை நோக்கிப் பறந்துகொண்டே காமிராவைக் கீழ்நோக்கித் திருப்பியிருந்தார். கூண்டு நடுவில் நில்லாமல் நழுவி, பிறகு வெடுக்கென்று திரும்பியது. கிம்பலில் ஒரு குறையும் இல்லை. குறை கணக்கில்தான்.

கூண்டின் உச்சியிலிருந்து 30 மீட்டர் உயரத்தில், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். கிடைத்தொலைவு 52 மீட்டராக இருக்கும்போது உச்சியைச் சட்டத்தின் நடுவிலேயே வைத்திருக்க, காமிரா வினாடிக்கு 2.4 பாகை கீழே திரும்பினால் போதும். நேர் மேலே வரும் தறுவாயிலோ 9.5 பாகை திரும்ப வேண்டும், நான்கு மடங்கு! உருளையை ஒரே சீராகச் சுழற்றியதுதான் மாணவர் செய்த பிழை. நெருங்க நெருங்க விரலும் விரைய வேண்டும். தொடக்கமும் முடிவும் வெடுக்கென்று இல்லாதபடி, செயலியில் திரும்பும் வேகத்தைக் குறைத்து மென்மையைக் கூட்டி வைக்கலாம். ஆனால், எல்லாவற்றையும் மெதுவாக்கிவிட்டால் கடைசி நேரத்து 9.5 பாகைக்கு மோட்டார் ஈடுகொடுக்காது. இந்த இழுபறியை எந்தக் கருவியும் நமக்காகத் தீர்த்து வைப்பதில்லை.

குப்ரிக் பயன்படுத்தாமல் விட்ட இந்த மலைக்காட்சிகளில் சிலவற்றைத்தான் 1982இல் ரிட்லி ஸ்காட் வாங்கி, ‘பிளேடு ரன்னர்’ படத்தின் இறுதியில் சேர்த்தார். முன்னதில் அச்சமூட்டிய அதே மலைகள் பின்னதில் விடுதலையாகத் தோன்றின. மாணவர் கிம்பலை மாற்றவில்லை. அதே மணிக்கூண்டை ஏழெட்டு முறை எடுத்துப் பார்த்தார். ஐந்தாவது நன்றாக இருந்தது.