தெருவிலும் ஆஸ்பத்திரியிலும்

இரவு வேலை முடிந்து மார்க்கெட் வீதியில் பஸ்ஸுக்கு நிற்கையில், ஒலிபெருக்கியோடு ஒருவர் நரகம்பற்றிக் கூவுவார். ஞானஸ்நானம் பெற்ற நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த வெட்கத்தோடுதான் வில்லியம் ரெயிலரின் 'சான்பிரான்சிஸ்கோவில் ஏழாண்டுத் தெருப்பிரசங்கம்' நூலைப் படித்தேன்.

தங்கவேட்டைக் காலம். 1849 டிசம்பரில் போர்ட்ஸ்மவுத் சதுக்கத்தில், சூதாட்ட விடுதிகளுக்கு எதிரே, தச்சுமேசையொன்றில் ஏறிப் பாடிக் கூட்டம் சேர்த்த மெதடிஸ்த போதகர் இவர். 1870இல் இலங்கையிலும் பிரசங்கித்தார்.

நூலின் பலவீனம், கதைசொல்லியும் பிரசங்கியும் ஒருவராக இருப்பதே. குடிகாரனும் சூதாடியும் பேசினாலும் கடைசி வார்த்தை போதகருடையது. ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கங்களில் அவர் குரல் தணிகிறது. தேடிவர ஆளின்றிச் சாகும் இளைஞர்களின் கட்டிலருகே அவர் இருக்கிறார். அந்தக் கட்டில்கள் நமக்கும் தெரிந்தவை. தன் வீட்டுக்கான மரத்தையும் தானே வெட்டியவர். அந்தக் கைகளால்தான் சதுக்கத்துப் பேச்சுக்கு மதிப்பு வருகிறது என்பது என் வாசிப்பு.

எனக்குக் காய்ச்சல் கண்ட இரவு, என் பங்குக் கோப்பைகளையும் கழுவிய மெக்சிக்கோ நண்பர் வேதம் எதுவும் பேசவில்லை. ஒலிபெருக்கிக்காரரைக் கண்டிப்பது எனக்குச் சுலபம். கூவவும் செய்யாமல், பிறருக்காக ஒரு கோப்பையும் கூடுதலாகக் கழுவாமல் பஸ்ஸுக்கு நிற்கும் என்னை எந்தக் கணக்கில் வைப்பது?